படகு பேசாதிருந்த மத்தியானம்

பெற்றிசியாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது சண்டைக்குப் பயந்து, மன்னாரின் அரிப்பு ஊர்க் கரையில் அவளையும் தாயையும் ஒரு வள்ளத்தில் ஏற்றிவிட்டார்கள். தகப்பன் ஏறவில்லை, இடம் போதவில்லை. "பின்னால வாற வள்ளத்தில வாறன், போங்கோ" என்று சொல்லி, இடுப்பளவு தண்ணீரில் நின்று வள்ளத்தைத் தள்ளிவிட்டார். பின்னால் வந்த வள்ளம் இராமேஸ்வரத்துக்கு வந்து சேரவில்லை. கவிழ்ந்ததா, பிடிபட்டதா, வேறு கரையில் ஒதுங்கியதா என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. மண்டபம் அகதி முகாமில் தாய் பல வருடங்களாக வெள்ளைச் சேலையும் கட்டவில்லை, நிறச் சேலையும் மனம்விட்டுக் கட்டவில்லை. "செத்த ஆளெண்டால் பூசை குடுக்கலாம். எங்கயெண்டே தெரியாத ஆளுக்கு என்னத்தக் குடுக்கிறது?" என்று முகாமுக்கு வந்த சுவாமியாரிடமே கேட்டாள். அவர் அவளுடைய தலையில் கைவைத்துவிட்டுப் போனார்.

அந்த முகாம் கொட்டிலில் வளர்ந்த பிள்ளைக்கு எதில் பயம் இருக்குமோ அதில்தான் பெற்றிசியாவுக்கும் பயம். கடலுக்குப் போன ஆளைப் பற்றிச் செய்தி வராமலிருப்பது.

முகாமிலிருந்தே பள்ளிக்கூடம் முடித்தாள்; கொம்பியூட்டர் வகுப்புக்கும் போனாள். கலியாணமும் அங்கேதான். மாப்பிள்ளை மில்ரனும் அரிப்பு ஆள், அவளைப் போலவே சிறு வயதில் கடல் தாண்டியவன். சண்டை முடிந்த பிறகு இருவரும் கைக்குழந்தையோடு ஊர் திரும்பினார்கள். வீடு இருந்த இடம் தெரியவில்லை. உடைமரமும் நாகதாளியும் காணியை மூடியிருந்தன. பற்றைகளுக்குள் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்றன. கண்ணிவெடி எடுப்பவர்கள் கயிறு கட்டி விட்ட பாதையால் நடந்துதான் தண்ணீர் அள்ள வேண்டும். பெற்றிசியா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வந்தாள். "கண்ணிவெடிக்குள்ளால நடந்தவள், நான் கடலுக்குப் போனா மட்டும் நடுங்கிறாள்" என்று மில்ரன் ஊரெல்லாம் பகிடி சொல்லித் திரிந்தான்.

அவன் சொன்னது உண்மைதான். அவன் படகில் ஏறியதும் போன் எடுப்பாள். கரை மறையும்வரை எடுப்பாள். சிக்னல் அறுந்த பிறகும் இரண்டு மூன்று தரம் எடுத்துப் பார்ப்பாள். "நீங்கள் அழைத்த இலக்கம் தற்போது" என்று ஒரு பெண்குரல் தொடங்கும்போதே துண்டித்துவிட்டுத் திரும்ப எடுப்பாள்.

கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தபோது அவள் சந்தோஷப்பட்டதற்குச் சம்பளம் மட்டும் காரணமல்ல. கந்தோர் யன்னலைத் திறந்தால் கடல் தெரியும். படகுகள் வருவதை எல்லாருக்கும் முதல் அவள் காண்பாள்.

சில வருடங்கள் கழித்துப் பல்கலைக்கழகக் குழுவொன்று வந்தது. தர்ஷிகா என்ற யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர்தான் அதில் முன்னுக்கு நின்றவள். சின்ன வயது, எதையும் பொறுமையாக விளங்கப்படுத்துவாள். சவர்க்காரப் பெட்டி அளவில், தண்ணீர் புகாத ஒரு கருவியைப் படகுகளின் பின்பக்கக் கம்பத்தில் பூட்டினார்கள். வானத்துச் செய்மதிகளை வைத்துத் தான் நிற்கும் இடத்தை அது கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததை மெல்லிய வானொலி அலையில் கரைக்கு அனுப்பும். சங்கத்தின் தண்ணீர்த் தாங்கி உச்சியில் நட்ட அன்ரெனா அதைப் பிடித்து, கந்தோர்க் கொம்பியூட்டரில் ஒவ்வொரு படகையும் ஒரு பச்சைப் புள்ளியாகக் காட்டும். போன் எடுபடாத தூரத்திலும் புள்ளி வரும்.

முதல் முறை மில்ரனின் புள்ளியைக் கண்டபோது பெற்றிசியா திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் பேசும் அக்கா" என்றாள் தர்ஷிகா. "மற்ற நேரமெல்லாம் நித்திரை."

"ஏன் நித்திரை?"

"உள்ளுக்க இருக்கிறது சின்னப் பற்றரி. நித்திரையில அது ஒண்டுமே தின்னாது எண்டு சொல்லலாம். எழும்பி இடத்தைத் தேடுறதும் கரைக்குக் கத்துறதும்தான் பற்றரியைத் தின்னும். தூரம் கூடக்கூட இன்னும் பெலத்துக் கத்த வேணும், இன்னும் தின்னும். நித்திரை கொண்டால்தான் இது ஒரு வருசமெண்டாலும் உயிரோட இருக்கும்."

பெற்றிசியா எல்லாவற்றையும் கேட்டாள். விளங்கவும் விளங்கியது. ஆனால் ஒரு மணித்தியாலம் என்பது அவளுக்கு மிக நீளமாக இருந்தது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் ஒரு படகு கவிழலாம். இரண்டாவது மாதம் அவள் வாய்விட்டே கேட்டாள்.

"தங்கச்சி, எங்கட போட்டை மட்டும் கொஞ்சம் அடிக்கடி பேச வைக்கேலாதோ?"

தர்ஷிகா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு பெற்றிசியாவின் முகத்தைப் பார்த்தாள். தகப்பனின் கதை அவளுக்குத் தெரியும். "சரி, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வைக்கிறன். ஆனா பற்றரி கெதியா இறங்கும். நான் நத்தார் முடிய வரேக்க மாத்தித் தாறன்" என்றாள்.

அதற்குப் பிறகு பெற்றிசியா போன் எடுப்பதை விட்டுவிட்டாள். இரவில் நித்திரையும் வந்தது. மில்ரனுடைய புள்ளி மற்றப் படகுகளைவிட உயிரோட்டமாகத் திரையில் ஊர்ந்துகொண்டிருக்கும். பற்றரியின் அளவு ஓரத்தில் குறைந்துகொண்டு போனதை அவள் காணாமல் இல்லை. மார்கழி பிறந்துவிட்டது, நத்தார்ப் பெருநாள் கிட்ட வருகிறதுதானே என்று விட்டுவிட்டாள்.

நத்தாருக்கு முந்திய கிழமை மீனுக்குச் சந்தையில் நல்ல கேள்வி இருந்தது. விடிவதற்கு முன்னமே மில்ரனும் அருளப்புவும் புறப்பட்டார்கள். அருளப்பு மில்ரனைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒரே படகில் பங்கு. காற்று அப்போது பெரிதாக இல்லை. காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு வாடை எழும்பியது. வடகிழக்கிலிருந்து இறங்கும் காற்று அது. அரிப்புக் கரையிலிருந்து எதையும் வெளிக்கடலுக்குத்தான் தள்ளும். மற்றப் படகுகளெல்லாம் திரும்பிக் கரைக்கு ஏறின. நனைந்த சாரங்களோடு ஆட்கள் கந்தோர் வாசலால் போனார்கள். பெற்றிசியா திரையைப் பார்த்தாள்.

மில்ரனின் புள்ளி கரைக்கு வரவில்லை. தென்மேற்கே போனது. எஞ்சினில் ஓடுகிற வேகமில்லை. வலையோடு நிற்கிற படகும் அப்படி நகராது. காற்று இழுத்துக்கொண்டு போகிற ஒரு தடியைப் போல மெதுவாக, நேராக, தூரமாக.

எஞ்சின் நின்றிருக்க வேண்டும். புள்ளியின் பக்கத்தில் பற்றரி அடையாளம் சிவப்பாகியிருந்ததை அதற்குப் பிறகுதான் கண்டாள்.

சங்கத் தலைவர் கடற்படைக்கு அறிவித்தார். அவர்களுடைய படகு தலைமன்னார்ப் பக்கத்திலிருந்து சுற்றி வர நெடுநேரம் எடுக்கும். அந்தக் கடலுக்கு ஓடக்கூடிய பெரிய எஞ்சின் கிட்டடியில் இருந்தது சிலாவத்துறையில், எல்லாரும் 'நானா', அண்ணன், என்று கூப்பிடும் மீன்பிடிகாரர் அப்துல் றசாக்கிடம். பெற்றிசியா போன் எடுத்தாள்.

"நானா, எங்கட போட் இழுபட்டுப் போகுது. எஞ்சின் நிண்டிட்டுது போல."

"ஆர், மில்ரனோ? எவ்வளவு தூரம்?"

அவள் சொன்னாள்.

"போய்ச் சேர ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும் பிள்ள, இந்த அலைக்கு. தம்பி காமிலையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுறன். செற்றைத் திறந்து வையுங்க. அந்தப் புள்ளிய விட்டிடாதீங்க. அது இல்லாட்டி இந்தக் கடல்ல நாங்க எதத் தேடுறது?"

றசாக்கின் படகில் வயர்லெஸ் செற் இருந்தது, சங்கத்திலும் ஒன்று இருந்தது. மில்ரனின் படகில் இல்லை.

அடுத்ததாகத் தர்ஷிகாவுக்கு எடுத்தாள். யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலிருந்தே தர்ஷிகாவால் அதே திரையைப் பார்க்க முடியும். அவள் திறந்து பார்த்தாள்.

"அக்கா, தூரம் கூடினதால அது முழுப் பெலத்தில கத்துது. ஒவ்வொருதரமும் கத்தேக்க பற்றரி விழுகுது. இப்பிடியே விட்டா இன்னும் ஒரு மணித்தியாலம் நிக்குமோ தெரியாது."

"றசாக் நானா போய்ச் சேர ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல எடுக்குமாம்."

"ஓம். அதுதான்." தர்ஷிகா வேகமாகப் பேசினாள். "இப்ப அதை நித்திரையாக்க வேணும். ரெண்டரை மணித்தியாலம். ஓய்வு குடுத்தா களைச்ச பற்றரி கொஞ்சம் தெம்பாகும். அவை கிட்டப் போற நேரம் அதுவா எழும்பி ஒருக்கா இடத்தைச் சொல்லும்."

"இடையில எழுப்பேலாதோ?"

"ஏலாது. பேசி முடிச்ச உடன ஒரு கண் மூடித் திறக்கிற நேரம்தான் அது காது குடுக்கும். நித்திரையில காதும் இல்லை."

"ரெண்டரை மணித்தியாலம் ஒண்டுமே தெரியாது."

"தெரியாது அக்கா."

"நித்திரையாக்கினா, கட்டாயம் எழும்புமோ?"

"எழும்பும் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களோ?"

"பற்றரி இவ்வளவு இறங்கி நான் ஒருநாளும் பாக்கேல்ல. பொய் சொல்ல மாட்டன். நான் இங்கயிருந்தே அந்தக் கட்டளையைப் போடலாம். ஆனா உங்களைக் கேக்காமப் போட மாட்டன்."

திரையில் புள்ளி ஒருமுறை துடித்து, இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் போயிருந்தது. அது இருக்கும்வரை மில்ரன் இருக்கிறான். அதுதான் அவளுக்குத் தெரிந்ததெல்லாம். அதைத் தன் கையாலேயே அணைக்கச் சொல்கிறார்கள். அணைத்துவிட்டு, தாய் இருபது வருடம் இருந்ததுபோலக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அணைக்காவிட்டால் றசாக் போய்ச் சேருவதற்கு முன்பே அது செத்துவிடும்.

"எனக்குச் சொல்லித்தாங்கோ" என்றாள். "நானே போடுறன்."

கட்டளையைத் தட்டினாள். அது உடனே போகவில்லை; கருவி அடுத்த முறை பேசும்வரை வரிசையில் காத்திருந்தது. அந்த இடைவெளியில் அழிப்பதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. பெற்றிசியா இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். புள்ளி துடித்தது. கட்டளை போனது. திரையில் "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று வந்தது. பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது.

றசாக்குக்குச் செற்றில் கடைசி இடத்தைச் சொன்னாள். பிறகு செய்ய ஒன்றுமில்லை.

யன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டேயிருந்தது. எழும்பிப் போய் அதைப் பூட்டினாள். கோவில் மணி மத்தியானச் செபத்துக்கு அடித்தது. வாய் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கியது. பாதியில் எந்த இடம் என்று மறந்து திரும்பத் தொடங்கியது. கோவிலில் நத்தார்ப் பாட்டுப் பழகிவிட்டு மகள் கிருஷிகா வந்து வாசலில் நின்றாள்.

"அப்பா வந்திட்டாரோ அம்மா?"

"வாறார். நீ பெரியம்மா வீட்ட போய்ச் சாப்பிடு."

பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். அது இன்னும் பயமாக இருந்தது.

அருளப்புவின் மனைவி மதலேனாள் வந்தபோது தலைமுடி காற்றில் கலைந்து, காலில் செருப்பு இருக்கவில்லை. நேரே திரைக்கு வந்தாள்.

"எங்க புள்ளி? எங்க எங்கட ஆக்கள்?"

"இந்தா நிக்குது அக்கா. சாம்பல் நிறத்தில."

"பச்சையெல்லோ இருக்கிறது? சாம்பல் எண்டா என்ன?"

பெற்றிசியாவால் மறைக்க முடியவில்லை. "நான்தான் நிப்பாட்டினனான். பற்றரி முடியப் போகுது. மிச்சம் பிடிக்க வேணும். நானா கிட்டப் போகேக்க அது எழும்பும்."

மதலேனாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மேசையை இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

"என்ர மனுசனும் அந்த போட்டுக்குள்ளதான் இருக்கிறார். என்னை ஒரு சொல்லுக் கேட்டனீயோ? இருந்த ஒரு வெளிச்சத்தையும் நீ ஊதி அணைச்சுப் போட்டாய்."

கேட்டிருக்க வேண்டும். பெற்றிசியாவுக்குத் தோன்றவேயில்லை. அந்த நேரத்தில் உலகத்தில் மில்ரனைத் தவிர ஒருவரும் கடலில் இருக்கவில்லை அவளுக்கு. மதலேனாள் சுவரோரம் நிலத்தில் குந்தினாள். அழவில்லை. திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செற் கரகரத்தது. றசாக்கின் குரல் அலைச் சத்தத்துக்குள் அறுந்தறுந்து வந்தது.

"பிள்ள, நாங்க கணக்குப் போட்ட இடத்துக்கு வந்திட்டம். இங்க ஒண்டுமில்ல. அலை பெரிசு, கிட்டத்தில நிண்டாலும் தெரியாது. புள்ளி எழும்பிட்டுதா?"

"இன்னும் இல்லை நானா. இப்ப எழும்ப வேணும்."

எழும்ப வேண்டிய நேரம் வந்தது. போனது. திரையில் ஒன்றும் அசையவில்லை. தர்ஷிகா போனில் காத்துக்கொண்டேயிருந்தாள். பெற்றிசியா கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். தகப்பன் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையைத் தூக்கியது நினைவுக்கு வந்தது. அவருடைய முகம் மட்டும் வரவில்லை.

"தர்ஷிகா?"

"பொறுங்கோ அக்கா. முதல்தரம் எடுபடாட்டித் திருப்பி முயற்சி செய்யும். பொறுங்கோ."

"எவ்வளவு நேரம் பொறுக்கிறது?"

தர்ஷிகா பதில் சொல்வதற்குள் மதலேனாள் நிலத்திலிருந்து எழும்பிக் கத்தினாள். "பச்சை! பிள்ளை, பச்சை!"

புள்ளி எழும்பியிருந்தது. ஆனால் அது ஒருவரும் நினைத்த இடத்தில் இல்லை. நீரோட்டம் படகைத் தெற்கே இழுத்திருந்தது. றசாக் தேடிக்கொண்டிருந்த இடத்திலிருந்து நல்ல தூரம். பெற்றிசியா செற்றை எடுத்து இலக்கங்களை வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாவது இலக்கத்தில் குரல் நின்றுவிட்டது. மதலேனாள் அவளுடைய தோளை இறுக்கிப் பிடித்தாள். "வாசி. வடிவா வாசி." வாசித்தாள். றசாக் திருப்பிச் சொன்னார். சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கருவி பேசவேயில்லை. அந்த ஒரு தரத்துக்குத்தான் அதில் உயிர் இருந்தது.

பொழுது சாயத் தொடங்கிய நேரம் செற்றில் குரல் வந்தது. றசாக் அல்ல, தம்பி காமில். "கண்டிட்டம்! ரெண்டு பேரும் இருக்கிறாங்க. கயிறு போடுறம். அல்ஹம்துலில்லாஹ், ரெண்டு பேரும் இருக்கிறாங்க."

மதலேனாள் அப்போதுதான் அழுதாள். பெற்றிசியாவுக்கு அழுகை வரவில்லை. வெளியே போய்க் கிணற்றடியில் குனிந்து சத்தி எடுத்தாள்.

கரைக்கு இழுத்து வந்தபோது மில்ரனின் உதடு உப்பில் வெடித்திருந்தது. அருளப்புவை இருவர் தாங்கி இறக்கினார்கள். கையெல்லாம் தோல் உரிந்திருந்தது. படகுக்குள் ஏறிய தண்ணீரை நாள் முழுக்க அள்ளி ஊற்றிய கை. றசாக்குக்கு யாரோ தேத்தண்ணீர் கொண்டு ஓடினார்கள். பெற்றிசியா மில்ரனின் கையைப் பிடித்தாள், விடவில்லை. வீட்டுக்குப் போய், சுடுதண்ணீரில் குளித்து, கஞ்சி குடித்த பிறகுதான் அவன் பேசினான்.

"உந்தப் பெட்டியில ஒரு சின்ன வெளிச்சம் இருக்கெல்லோ, பேசேக்க மினுங்கிறது. காலமை தொட்டு அதைத்தான் பாத்துக்கொண்டு தண்ணி அள்ளினனான். மினுங்கினா நீ பாக்கிறாய் எண்டு அருளப்பு அண்ணைக்குச் சொல்லுவன். பிறகு நிண்டிட்டுது." அவன் கோப்பையை நிலத்தில் வைத்தான். "எனக்குப் பயம் எண்டா என்னெண்டு அப்பதான் தெரிஞ்சது பெற்றி. அண்ணை செபமாலையைக் கையில எடுத்திட்டார். ஆரும் எங்களைப் பாக்கேல்ல எண்டு நினைச்சிட்டம்."

"நான்தான் நிப்பாட்டினனான்" என்றாள் பெற்றிசியா. ஏன் என்றும் சொன்னாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேச வைத்ததையும் சொன்னாள்.

மில்ரன் அவளைப் பார்த்தான். கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "கஞ்சி இன்னும் இருக்கோ?" என்று கேட்டான். அவள் ஊற்றிக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தான்.

நத்தார் முடிய தர்ஷிகா வந்து பற்றரியை மாற்றினாள். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வைக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. பெற்றிசியாவே சொன்னாள், எல்லாப் படகையும் போல ஒரு மணித்தியாலம் என்று. பற்றரி இறங்கிய படகு கடலுக்குப் போகக் கூடாது என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானித்தார்கள். ஒரு படகின் கருவியை நித்திரையாக்க வேண்டி வந்தால் அதிலிருக்கும் எல்லார் வீட்டாரையும் கேட்க வேண்டும் என்பதை மதலேனாள் எழும்பி நின்று சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் பெற்றிசியாவைப் பார்க்கவில்லை. தவக்காலம் தொடங்கும்வரை பேசவுமில்லை.

மில்ரனும் அருளப்புவும் தை மாதம் திரும்பக் கடலுக்குப் போனார்கள். வேறென்ன செய்வது? பெற்றிசியாவுக்குப் பயம் தெளியவில்லை. கூடிவிட்டது என்றும் சொல்லலாம். கருவி நித்திரைக்குள் இருக்கும் ஒரு மணித்தியாலத்தை அவள் திரைக்கு முன்னால் இருந்து கழிப்பதில்லை. எழும்பிக் கந்தோரைக் கூட்டுவாள், தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி நடப்பாள், திரும்பி வருவாள்.

தவக்காலம் தொடங்கிய கிழமையில் ஒருநாள் காற்றுக் கொஞ்சம் பலமாக இருந்தது. அவள் நடந்துவிட்டு வரும்போது கந்தோருக்குள் மதலேனாள் இருந்தாள். கிழிந்த வலையொன்றை மடியில் போட்டுப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அடுத்தது எப்ப பேசும்?"

"இன்னும் நேரமிருக்கு அக்கா."

மதலேனாள் வலையின் மற்ற முனையை அவளிடம் நீட்டினாள். பெற்றிசியா கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு அதைப் பிடித்துக்கொண்டாள்.